அறுபதைத் தாண்டினால் ஆட்டம்

"வந்திருச்சு! வந்திருச்சு! இங்க கையை வெச்சுப் பாரு!" என்று அலறினார் பல் டாக்டர்.

பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்து, ஸ்டீயரிங்கில் கையை வைத்துப் பார்த்தாள். குளிர் ஜுரம் கண்ட பிள்ளை மாதிரி அது வெடவெடவென்று நடுங்கியது.

"ஆமா, நடுங்குது. மெதுவா போங்க" என்றவள், மறுபடி தூங்கிப்போனாள்.

முன்பெல்லாம் காரில் ஏறினால் இறங்கும் வரை ஜன்னலுக்கு மேலே உள்ள கைப்பிடியை விடமாட்டாள். "பிள்ளைங்க இன்னும் படிச்சுக்கூட முடிக்கலைங்க" என்று கண்ணை மூடிக்கொண்டு புலம்புவாள். இப்போது வண்டியே உயிரை விடுகிற நேரத்தில் குறட்டை விடுகிறாளே என்று டாக்டருக்கு வயிறு எரிந்தது.

அறுபது வரை வண்டி பரம சமர்த்து. அறுபதைத் தாண்டியதும் ஆட ஆரம்பித்துவிடும். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் எறும்பு ஊர்கிற வேகத்தில் வேலை பார்க்கிற மனிதருக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வண்டியில் பறப்பதுதான் சந்தோஷம். அதிலும் மண் விழுந்துவிட்டது.

பின்னாலிருந்து ஹாரன் அலறியது. மனைவியின் அண்ணன், தன் ஓட்டை வண்டியைப் பக்கத்தில் கொண்டுவந்து கண்ணாடியை இறக்கினார்.

"என்ன மாப்ளே, ஓட்டிட்டு வர்றீங்களா, தள்ளிட்டு வர்றீங்களா? அடுத்த வாரம் அணைக்கட்டுக்குப் பேசாம என் வண்டியிலயே ஏறிக்குங்க. பின் சீட்டு காலியாத்தான் இருக்கு!"

குப்பென்று புகையை விட்டுவிட்டு மச்சான் பறந்துபோனார். டாக்டருக்கு மானமே கப்பலேறியது. மச்சானின் பின் சீட்டில் உட்கார்ந்து, வழியெல்லாம் அவர் விடுகிற ஜோக்குக்குப் பல்லைக் காட்டுவதா? அதற்கு நடந்தே அணைக்கட்டுக்குப் போய்விடலாம்.

மறுநாள் வண்டியை ஸ்பேனரிடம் கொண்டுபோனார். மெக்கானிக்குக்கு அப்பா அம்மா வைத்த பேர் யாருக்கும் தெரியாது, எல்லாருக்கும் அவன் ஸ்பேனர்தான். அவனைத் தேடிப் பிடித்தது டாக்டரின் மனைவி. வேறு மெக்கானிக் வண்டியைத் தொட விடமாட்டாள்.

"டயர் மாத்தியாச்சு, அலைன்மென்ட் பார்த்தாச்சு. இன்னும் ஆடுதுப்பா" என்றார் டாக்டர், வாசலில் காத்திருக்கும் பேஷன்ட் மாதிரி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு.

ஸ்பேனர் ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையை விட்டு எதையோ நோண்டினான். "ஒயரெல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. வாங்க சார், ஒரு ரவுண்டு போவோம்."

எண்பதில் போனான். தொண்ணூறில் போனான். டாஷ்போர்டில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்திருந்தால் ஒரு சொட்டு சிந்தியிருக்காது.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. ஒருவேளை உங்களுக்குத்தான் கை நடுங்குதோ என்னவோ" என்றவன், இன்னொரு தடவை குனிந்து ஒயரைப் பார்த்துவிட்டு சாவியைக் கொடுத்தான்.

ஒரு பல் டாக்டரைப் பார்த்து சொல்லக்கூடிய வார்த்தையா இது? பொருமிக்கொண்டே கிளம்பினார். மெயின் ரோட்டில் ஏறி அறுபதைத் தாண்டியதுதான் தாமதம், கிடுகிடுவென்று ஆட்டம்.

அந்த ஆத்திரத்தில் வீட்டு ஷெட்டுக்குள் வண்டியை விட்டவர், பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். பின்சுவரில் முட்டியதில் மேலேயிருந்த பலகை சரிந்து, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயிண்ட் முழுக்க வண்டியின் தலையில் கொட்டியது.

மனைவி ஓடி வந்தாள். பெயிண்டையும் பார்க்கவில்லை, சுவரையும் பார்க்கவில்லை. "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அவர் தலையையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. இந்தச் சனியனுக்குத்தான் இனிமே வைத்தியம் கிடையாது. ஆடினா பிடுங்கிட வேண்டியதுதான்!" என்றார் டாக்டர்.

சொன்னபடியே பிடுங்கிவிட்டார். சனிக்கிழமை பழசைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுத்தாயிற்று. கடையிலிருந்து வீடு வரும் வழியில் நூறைத் தொட்டார். ஒரு சின்ன அதிர்வுகூட இல்லை. மனைவிதான் பழையபடி கைப்பிடியில் தொங்கியபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு உங்க அண்ணன் என் வண்டியோட பின்பக்கத்தைத்தான் பார்க்கப்போறார்!"

"அது சரிங்க. எதுக்கும் ஸ்பேனர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம்."

"புது வண்டியையா?"

"என் திருப்திக்குங்க."

கேட்டது அவ்வளவுதானே என்று டாக்டர் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். வண்டியையும் மனைவியையும் ஸ்பேனர் கடையில் விட்டுவிட்டு டீ குடிக்க நடந்தார். அணைக்கட்டில் மச்சானிடம் சொல்ல வேண்டிய ஜோக்குகளை இப்போதே மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். பாதி வழியில்தான், மூக்குக்கண்ணாடியை வண்டியிலேயே விட்டது ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தபோது கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே ஸ்பேனரின் கால் இரண்டு மட்டும் புது வண்டியின் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குரல் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து வந்தது.

"அக்கா, பழைய வண்டியில மாட்டின மாதிரியே இதுலயும் அறுபதைத் தாண்டினா நடுங்கற மாதிரி வெச்சிரட்டுமா?"

டாக்டரின் மனைவி கொஞ்சம் யோசித்தாள்.

"வேண்டாம் தம்பி, இது புது வண்டி... ஐம்பதுலயே நடுங்கட்டும்."