பூனை யார் பக்கம்

மகளின் குளிர் ஜாக்கெட் பைக்குள் இரண்டு நெத்தலிக் கருவாட்டைப் போட்டுவிட்டு, சிவகலா ஒன்றும் அறியாதவள் போலக் கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

காரில் வரும்போதே அவளுக்குப் பயம்தான். இரண்டே இரண்டு நெத்தலி, கார் முழுக்க மணந்தது. பனிக்குளிரிலும் கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

கூடத்தின் நடுவில் போர்வை விரிந்து கிடந்தது. கலியாணப் பரிசாகக் கொடுக்கவென்று குளிர்காலம் முழுக்கத் தைத்த போர்வை. சனிக்கிழமை தவறாமல் தாயும் மகளும் சுவிஸ் நகரமான ஷ்லீரனிலிருந்து இந்த எமென்டல் மலைப் பண்ணைவீட்டுக்கு வர, பெண்கள் எல்லோரும் ஒரே மரச்சட்டத்தைச் சுற்றி இருந்து ஊசி போட்டது.

சொல்லித் தந்தவர் வீட்டுக்காரி ரூத். அமெரிக்காவில், பழைய முறைப்படி எளிமையாக வாழும் அமிஷ் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, சுவிஸ்காரரைக் கட்டிக்கொண்டு, தன் முன்னோர் விட்டுப்போன மலைக்கே திரும்பி வந்தவர். அமிஷ் போர்வையில் பூவும் வராது, கொடியும் வராது, ஒற்றை நிறத் துண்டுகள்தான். சிவகலா ஆசையாகக் கொண்டுபோன பட்டுச் சேலையில் வெறும் பச்சையை மட்டும் வெட்டிக்கொண்டு, மயில்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கலியாணப் போர்வையில் மயில் இல்லாமலா? அந்தக் கோபம் சிவகலாவுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் போன சனிக்கிழமை ரூத் எல்லோருக்கும் சொன்ன விளையாட்டைக் கேட்டதும் மயிலை மன்னித்துவிட்டாள்.

தைத்து முடித்த போர்வையின் ஓரத்தைக் கலியாணம் ஆகாதவர்கள் சுற்றி நின்று பிடிக்க வேண்டும். நடுவில் ஒரு பூனையை விட்டு மெல்ல உலுப்ப வேண்டும். பூனை யாரிடம் பாய்கிறதோ, அடுத்த கலியாணம் அவருக்கு. அவர் பூனையைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கீழே இறக்கிவிட்டால் அது கணக்கில் இல்லை, திரும்பவும் உலுப்ப வேண்டும்.

சிவகலாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எத்தனை மாப்பிள்ளை பேசி வந்தாலும் மகள் ரிஷானி மதில்மேல் பூனைதான். “நான் போனால் நீங்கள் தனிய என்ன செய்வியள் அம்மா?” என்பாள். அதோடு கதை முடிந்துவிடும்.

ரூத்தின் கணவரின் அக்கா பெண்கள் இரண்டு பேரும் ரிஷானியும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. “கணவர் இல்லாதவர்தானே, நீங்கள் வாருங்கள்” என்று ரூத் சிவகலாவைக் கூப்பிட்டார்.

சிவகலா இன்னும் ஓரடி பின்னால் போனாள். கணவர் செத்த பிறகு, கலியாண வீடுகளில் கடைசி வரிசைக் கதிரை தேடிப் பழகியவள் அவள். ரூத்துக்கு அதெல்லாம் எங்கே விளங்கப் போகிறது?

கடைசியில் பாலேந்திரன்தான் அந்த மூலையைப் பிடித்தார்.

அவர் ஷ்லீரனில் மேல்மாடிக்காரர், பஸ் ஓட்டுபவர், ஐம்பது தாண்டியும் கலியாணம் கட்டாதவர். சனிக்கிழமைகளில் தாயையும் மகளையும் காரில் ஏற்றி வந்து, பையைத் தூக்கிக் கொடுத்து, தையல் முடியும்வரை காத்திருந்து கூட்டிப்போவார். முன்பெல்லாம் சிவகலாவுக்கு அவர் ‘பாலா அண்ணை’. கொஞ்ச நாளாக அந்த ‘அண்ணை’ வாயில் வருவதில்லை. வெறும் பெயரைச் சொல்லவும் கூச்சம். அதனால் இருமித்தான் கூப்பிடுவாள்.

பால் குடித்துக் கொழுத்த மஞ்சள் பூனையை ரூத் போர்வையில் இறக்கினார்.

உலுப்பினார்கள். பூனை ஊஞ்சலில் இருக்கும் மாமியார் மாதிரி அசையாமல் இருந்தது. பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் உலுப்பினார்கள். பூனை எழும்பி, மூக்கைத் தூக்கி, ரிஷானியின் பக்கம் திரும்பியது.

‘பிள்ளையாரே, உனக்குத் தேங்காய் உடைக்கிறேன்.’

பூனை பாய்ந்தது. ரிஷானியின் கைக்கு மேலால் தாவி, பலகைத் தரையில் சறுக்கி, நேரே வந்து சிவகலாவின் தோளில் தொங்கிய பையில் ஏறியது. விழுந்துவிடப் போகிறதே என்று அவள் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள்.

கூடமே கூவியது. ரூத் கைதட்டிக்கொண்டு துள்ளினார். “வேண்டாமென்றால் இறக்கிவிடுங்கள், இன்னொரு தரம் உலுப்பலாம்!”

பையின் வாய் திறந்து கிடந்தது. உள்ளே, சமையலறைத் தாளில் சுற்றியபடி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு சீலா மீன் கருவாடு.

அது அவள் வைத்ததில்லை.

திடுக்கிட்டு மகளைப் பார்த்தாள். ரிஷானி தன் ஜாக்கெட் பையிலிருந்து இரண்டு நெத்தலியையும் எடுத்து வாலில் பிடித்து ஆட்டிக் காட்டினாள். சிரிப்பில் அவளுக்குக் கண்ணால் தண்ணீர் வந்தது.

அப்படியென்றால் இது?

பாலேந்திரன் தன் மூலையை இறுகப் பிடித்தபடி கூரை மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்துபோயிருந்தன.

இறக்கிவிடலாம். இறக்கிவிட்டால் ரிஷானிக்கு இன்னொரு தரம் கிடைக்கும். எல்லோரும் சிவகலாவின் கையையே பார்த்தார்கள். பூனை அவள் கழுத்தில் முகத்தைத் தேய்த்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது, அடக்க அடக்க வந்தது. சிரித்த குலுக்கலில் பை தோளிலிருந்து நழுவத் தொடங்கியது.

இருமிப் பார்த்தாள். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

“இஞ்சாருங்கோ, இந்தப் பையை ஒருக்காப் பிடியுங்கோ. எனக்குக் கை ரெண்டும் பூனையிலை.”

ரிஷானியின் கையிலிருந்த நெத்தலி கீழே விழுந்தது. அப்பாவைக் கூப்பிட்ட அந்த ‘இஞ்சாருங்கோ’வால், அவர் போன பிறகு அம்மா வேறு யாரையும் கூப்பிட்டு அவள் கேட்டதேயில்லை.

பாலேந்திரன் போர்வையின் மூலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.