பூமியின் பங்கு

சுரங்கத்தின் அடிமட்டத்தில் பாறை எப்போதும் அனலாகவே இருக்கும். தண்ணீர் குடிக்கும் முன் கன்னியப்பன் ஒரு கை அள்ளி அதன்மேல் தெளிப்பார். "நம்மளத் தாங்குறவளுக்கு நம்மளவிட வெக்கை அதிகம்டா" என்பார். கூட வேலை செய்யும் தேவராசு சிரிப்பான். "இன்னும் கீழ பாறையே மாவா நெகிழுதாம், அதுக்கும் கீழ இரும்பே உருகிக் கெடக்குதாம். ஒன் கைத்தண்ணி எந்த மூலைக்குண்ணே?"

அன்று வழி இடிந்து இருவரும் உள்ளே அடைபட்டார்கள். தேவராசுவின் கால் கல்லுக்கடியில் நசுங்கியிருந்தது. புட்டியில் கடைசியாக ஒரு கைத் தண்ணீர்தான் மிஞ்சியது. கன்னியப்பன் அதை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, வழக்கம்போல் பாறைப் பக்கம் திரும்பினார். தேவராசு கண்களை மூடிக்கொண்டான். ஈரம் அவன் உதட்டில் பட்டது.

"குடிடா. அவ பங்குதான். கோச்சிக்க மாட்டா."

தேவராசு குடித்தான். பிறகு, இன்னும் ஈரம் காயாத அந்தக் கையைப் பிடித்துப் பாறைமேல் வைத்து, தன் கையால் அழுத்தினான்.

"அவளுக்கும் கொஞ்சம்ணே."

கைகளுக்கு அடியில் பாறை மெல்ல அதிரத் தொடங்கியது. மறுபடி இடியப் போகிறதா, யாரேனும் தோண்டிக்கொண்டு வருகிறார்களா என்று இருவருக்கும் தெரியவில்லை. கையை எடுக்கவும் இல்லை.