மெல்லிய கோட்டுக்கு ஒரு பிரிண்டர்

“இதுவும் தேறாது” என்று தாளைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார் கோவர்த்தனன். “கோடெல்லாம் நடுவுல நடுவுல அறுந்து போச்சு.”

“நல்லாத்தானே சார் விழுந்திருக்குது?” என்றார் கடைக்காரர்.

“விக்கறவன் என்னைக்கு நல்லா இல்லன்னு சொல்லியிருக்கான்?” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் படியிறங்கினார். சுதீர் பின்னால் போனான். காலையிலிருந்து திருப்பதியில் அது இரண்டாவது கடை. முதல் கடை மிஷினில் மை ஊறிவிட்டதாம்.

சத்தியவேட்டில் சுதீர் புதிதாகத் தொடங்கியிருக்கும் ஆபீசுக்குத்தான் பிரிண்டர். பக்கத்தில் ஸ்ரீ சிட்டியில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த சமயம் அது. தேய்ந்துபோன மிஷின் பாகங்களை அளந்து ஏ-த்ரீ தாளில் படம் போட்டுக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அவன் துணிந்து இறங்கியிருந்தான். மிஷின் படத்துக்கு அது சின்னத் தாள், மயிரிழை மாதிரி கோடுகள். ஒன்று விட்டுப்போனாலும் பாகமே தப்பாகிவிடும்.

கோவர்த்தனன் அம்பத்தூரில் இருபத்தாறு வருஷம் கையால் படம் வரைந்தவர். கம்ப்யூட்டர் வந்ததும் ஒவ்வொரு கம்பெனியாக அவருக்கு வாசலைக் காட்டியது. ஊர் திரும்பி மூன்று வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தவரை வீடு தேடி வந்து கூப்பிட்டவன் சுதீர் ஒருவன்தான்.

“படத்த பசங்க கம்ப்யூட்டர்ல போட்டுக்குவாங்கண்ணா. பிரிண்ட் ஆயி வர்ற ஒவ்வொரு தாளையும் நீங்க பாத்து கையெழுத்து போட்டாத்தான் வெளிய போவணும். உங்கள மாதிரி பாக்கறதுக்கு இங்க யாரு இருக்காங்க?” என்று கேட்டிருந்தான். அன்றைக்கு அவர் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

இதையும் விட்டால் ஐம்பத்தேழு வயதில் எந்த ஆபீசும் அவரைச் சீந்தாது. அதனால்தான் பிரிண்டர் விஷயத்தில் இத்தனை கறார். மட்டமான மிஷினை வாங்கி வைத்து, நாளைக்கு ஒரு கோடு விழாமல் போனால் பழி கையெழுத்துப் போட்டவன் தலையில்தானே விழும்?

மூன்றாவது கடையில் பிரேமலதா என்ற பெண் இருந்தாள். “ரண்டி சார், ரண்டி” என்று தெலுங்கில் கூப்பிட்டவள், இவர்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள். “இது ஏ-த்ரீ லேசர் சார். மேல கண்ணாடில வச்சா காப்பியும் எடுக்கும். நீங்களே எடுத்துப் பாருங்க.”

கோவர்த்தனன் பையிலிருந்து தன் வால்வு படத்தை எடுத்தார். ஊருக்கு வந்த புதிதில், கை மறந்துவிடக் கூடாதென்று வரைந்தது. கூடவே, அது வரைந்த அதே தாள்கட்டிலிருந்து வெற்றுத் தாள் ஒன்றையும் நீட்டினார்.

“எங்க தாளுலயே எடும்மா. உங்க பளபளா தாளுல எத எடுத்தாலும் அழகாத்தான் இருக்கும்.”

“அண்ணன ஏமாத்த முடியாதும்மா” என்று சிரித்தான் சுதீர். அந்தச் சிரிப்பில் கோவர்த்தனனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மிஷின் உறுமி ஓய்ந்தது. பிரேமலதா மூடியைத் திறந்து உள்ளே இருந்த தாளையும், வெளியே வந்த தாளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். கோவர்த்தனன் ஒன்றை உருவிக்கொண்டு நேராக வாசலுக்குப் போனார். கடை விளக்கை அவர் நம்புவதில்லை. மற்றதைச் சுதீர் எடுத்தான். அந்தத் தாளில் சூடு இன்னும் ஆறவில்லை.

அவர் வெயிலில் தாளைச் சாய்த்துப் பார்த்தார். தள்ளிப் பிடித்தார், மூக்கருகே கொண்டுவந்தார். முகம் தொங்கிப் போயிற்று.

“இங்க பாரு சுதீரு. அம்புக்குறி கிட்ட கோட்டையே காணோம். உள்ள போவுற புள்ளிக்கோடு பாதில நின்னு போச்சு. அளவு மூணா எட்டான்னு கூடத் தெரியல.”

“சார், அதுல எல்லாமே...” என்று ஆரம்பித்தாள் பிரேமலதா. சுதீர் கையைக் காட்டி அவளை நிறுத்தினான்.

“நீ சும்மா இரும்மா” என்றார் கோவர்த்தனன். “ இத்த பாக்கறவன் மிஷின குறை சொல்லமாட்டான். வரைஞ்சவனுக்குக் கோடு போடவே தெரியலன்னுதான் சொல்லுவான்.” அவர் சுதீர் பக்கம் திரும்பினார். “மூணு கடை ஏறி எறங்கியாச்சு. உருப்படியா ஒரு மிஷின் இல்ல. இத்த நம்பி நான் எப்பிடிப்பா கையெழுத்து போடறது?”

சுதீர் தன் கையிலிருந்த தாளை ஒரு தரம் பார்த்தான், அவர் கையிலிருந்ததை ஒரு தரம் பார்த்தான். இரண்டிலும் ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாமா என்றுகூட அவனுக்குத் தோன்றியது. கடைசியில் பக்கத்தில் வந்து அவர் தோளைத் தொட்டான்.

“அண்ணா, மிஷின்ல வந்தது என் கையில இருக்குது. நீங்க பாத்துக்கினு இருக்கறது நீங்களே வரைஞ்சது.”