மேலே தட்டினால் எரியும்

"தெரிஞ்சுதான் கேக்கிறியாம்மா?" என்று எலக்ட்ரீஷியன் அவளைக் கேட்டார்.

சமையலறை விளக்கைப் பார்க்க அக்கா வரச்சொன்ன ஆள். அக்கா கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவள் தன் அறைச் சுவிட்சைக் காட்டி, இதைத் தலைகீழாக மாட்டிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள்.

"கீழ தட்டினா எரியணும், மேல தட்டினா அணையணும். ஊரு பூரா அப்படித்தான். மாத்தி மாட்டினா, எந்தக் கிறுக்கன் மாட்டினான்னு என்னையத்தான் திட்டுவாங்க."

"சில நாட்டுல மேல தட்டினாத்தான் எரியுமாமே."

"அது அவங்க நாடு."

"இது என் ரூமு."

அதிர்ந்து பேசாத பெண். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

போகும்போது, "வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிரும்மா, கை தடுமாறும்" என்றார்.

தலையாட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை.

அறை என்று பேர்தான். கதவு கிடையாது, திரைச்சீலை. ஒரு கட்டில், அவள் துணி தைக்கும் மெஷின், வாசற்படியைப் பார்த்தபடி ஒரு ஜன்னல்.

அந்தத் தெருவில் சாயங்காலமானால் கரண்ட் போய்விடும். அக்கா விசிறியோடு வாசற்படிக்குப் போவாள். எதிர்வீட்டுக்காரி வந்து சேர்ந்துகொள்வாள். தைத்துக் களைத்தவள் மட்டும் உள்ளே கட்டிலில் சாய்வாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்கும். டக்.

அவள் அறைச் சுவிட்ச். பிறகு கட்டிலருகே ஒரு மூச்சு. பிறகு ஒரு கை.

கரண்ட் வந்ததும் வீடே வெளிச்சமாகும், அவள் அறையைத் தவிர. அவள் தடுமாறி எழுந்து விளக்கைப் போடும்போது அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அக்காவிடம் சொல்லிப் பார்த்தாள்.

"சுவிட்ச நீயே அணைச்சிருப்ப. வீட்ல இருக்கிறது நான், நீ, உங்க அத்தான். யாருடி வரப்போறா?"

கேட்டு முடித்ததும் அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "இன்னொரு வாட்டி இந்தப் பேச்ச எடுத்தேன்னா, வேற இடம் பாத்துக்க."

அதன்பின் கொஞ்ச நாள் அவளும் படியில் போய் உட்கார்ந்து கொசுக்கடி பட்டாள். ஒருநாள் கோபம் வந்தது. என் அறையில் நான் இருப்பதற்கு யாரைக் கேட்க வேண்டும்?

சுவிட்ச் மாறிய அன்றே ஜன்னல் திரையையும் துவைத்துக் கொடியில் போட்டாள். பொழுது சாய்ந்ததும் விளக்கை மேலே தட்டிப் போட்டுவிட்டுத் தைக்க உட்கார்ந்தாள்.

கரண்ட் போனது.

கட்டிலில் ஏறிச் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கரண்ட் ஆபீஸ்காரர்களை நம்பினாள். அவர்கள் கைவிட்டால், தலையணைக்கடியில் கத்தரிக்கோல் இருந்தது.

அறை வாயிலில் திரைச்சீலை அசைந்தது. ஒரு கை சுவரைத் தடவிச் சுவிட்சைத் தொட்டது. அது மேலே இருந்தது. இன்றைக்கு அவளே அணைத்துவிட்டாள் என்று அந்தக் கை நினைத்திருக்க வேண்டும்.

டக் கேட்கவில்லை.

வெளியே எதிர்வீட்டுக்காரி தன் மருமகளின் சமையலைக் கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தாள். அக்கா சிரித்தாள். மூச்சு கட்டிலை நெருங்கியது. அவள் கத்தரிக்கோலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சுருண்டு படுக்கவில்லை.

கரண்ட் வந்தது.

அத்தான் நீட்டிய கையோடு நின்றிருந்தார்.

ஜன்னலுக்கு வெளியே, படியில், அக்காவின் விசிறி பாதியில் நின்றது. எதிர்வீட்டுக்காரியின் வாய் திறந்தபடியே இருந்தது.

அவர் பாய்ந்துபோய்ச் சுவிட்சை மேலே தட்டினார். அது மேலேதான் இருந்தது. மறுபடி தட்டினார். நகம் சுவரில் கீறியதுதான் மிச்சம். விளக்கு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"கீழ தட்டணும், அத்தான்" என்றாள் அவள். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை. தெருவுக்கே கேட்டது.

அவர் கை இறங்கியது.

வாசலில் அக்கா எழுந்து, சுவரோரமாக ஒதுங்கி, அவருக்கு வழிவிட்டாள்.

செருப்பைக்கூடத் தேடாமல் அவர் படியிறங்கிப் போனார்.