கோணல் கட்டைகள்

மறுபடியும் கோணல் கட்டைதான் விழுந்தது. அதே நொடியில், சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி சிரிப்பது கேட்டது.

லிஃப்ட் மெக்கானிக்கின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது. ஒரே ஒரு நீளக் குச்சி வந்தால் போதும், நாலு வரிசை ஒரேயடியாக மறைந்துவிடும். வந்தால்தானே!

மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளி இல்லாமல் அடுக்கும் அதே பழைய வீடியோ கேம்தான். அதைத் தூசி தட்டிப் புதுசாக்கிக்கொண்டிருந்தது இந்தக் கம்பெனி. பழையதில் எந்தக் கட்டை விழும் என்று மெஷின் முடிவு செய்தது. புதியதில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் துணை, ஆடுபவரின் திரையைப் பார்த்தே முடிவு செய்வார். விளையாடிப் பார்த்துக் குறை சொல்ல, கணவன் மனைவியாகச் சிலரைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நேற்று அவன் கட்டைகளை அனுப்பினான், அவள் அடுக்கினாள். பொத்தான் கையில் இருந்த குஷியில் அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. இன்று அவன் அடுக்கும் முறை.

ஆறு மாதம் ஆளுக்கொரு வீட்டில் இருந்துவிட்டு, போன மாதம்தான் இருவரும் மறுபடி ஒன்று சேர்ந்திருந்தார்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து ஏதாவது செஞ்சா நல்லதுங்க" என்று அவள்தான் இங்கே இழுத்து வந்தாள். அவனும் நம்பி வந்தான், பாவம்.

வலது ஓரத்தில் ஒரு பள்ளம் குச்சிக்காகவே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. வந்தது சதுரம். அப்புறம் ஒரு கோணல், அதன் தலையில் இன்னொரு கோணல்.

வெளியே வராந்தாவில் காபி மெஷின் கரகரத்தது. "எனக்குச் சர்க்கரை வேணாம்" என்று அவள் யாரிடமோ சொன்னாள். இங்கே கட்டைகள் மூச்சுவிட நேரம் தராமல் விழுந்துகொண்டே இருந்தன.

என்ன அலட்சியம்! சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டே கழுத்தறுக்கிறாளே!

அடுக்கு உச்சியைத் தொட்டு ஆட்டம் முடிந்தது. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே பாய்ந்தான். மெஷின் பக்கத்தில் மனைவியும், இந்த விளையாட்டை வடிவமைத்த பெண்ணும் கையில் கோப்பையோடு நின்றிருந்தார்கள்.

"ஏங்க, என்னாச்சு? முகமெல்லாம் சிவந்திருக்கு?"

"நடிக்காதே. ஒரு குச்சி, ஒரே ஒரு குச்சி போட்டிருப்பியா?"

"நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் திணறத் திணறப் பொறுக்கிப் பொறுக்கி அனுப்பியிருக்கே. சிரிப்பு வேற!"

வடிவமைத்த பெண் பதறிப்போனாள். "சார், ஒரு நிமிஷம். இன்னிக்கு நாங்க புதுசா ஒண்ணை..."

"நீங்க சும்மா இருங்கம்மா. இது எங்க குடும்ப விஷயம்."

தோற்றது பெரிதில்லை. பழசையெல்லாம் மறந்துவிட்டாள் என்று நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையில்தான் மண் விழுந்திருந்தது. இந்த ஒரு மாதமும் அவள் போட்டதெல்லாம் வேஷமா?

"பெட்டியை எடுத்துக்கிட்டு நான் அக்கா வீட்டுக்கே போயிடறேன்" என்றான். "மனசுல துளி பாசம் இருந்தா இப்படிச் செய்யத் தோணுமா? நீயே சொல்லு. இப்படி அனுப்புற ஆளோட ஒரே வீட்டுல குடித்தனம் பண்ண முடியுமா?"

அவள் கோப்பையை மெஷின் மேல் வைத்தாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை.

"இன்னிக்கு உங்களுக்கு விழுந்ததெல்லாம், நேத்து நீங்க எனக்கு அனுப்பினதுங்க."