தொந்திக் குழாயும் ஒல்லி விருந்தாளியும்

வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்கு நடுவில் தொந்தி விழுந்திருந்தது. அதைச் செழிப்பு என்றே அது நம்பிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அது செழிப்பில்ல, வீக்கம். சுவர் ஊதின பலூனாட்டம் மெலிஞ்சு கெடக்கு. வெடிச்சா நாம எல்லாரும் காலி," என்றது பக்கத்துச் சிறுநீரகம்.

"அவரை விதையாட்டம் இருந்துக்கிட்டு உனக்குப் பேச்சைப் பாரு! பொறாமை."

சொல்லி வாய் மூடவில்லை, ரத்தம் மோதிய மோதலில் சுவர் சுருக்கென்று வலித்தது. குழாய் பயந்துதான் போனது. ஆனால் வெளியே தொந்தியை இன்னும் நிமிர்த்திக் காட்டியது.

மறுநாள் காலை, தொடைப் பக்கமிருந்து, மடக்கிய குடை மாதிரி ஒன்று ஊர்ந்து வந்தது. கம்பி வலையில் துணி வைத்துத் தைத்த ஸ்டென்ட்.

"யாருடா அது, மேல வாசல் இருக்க கொல்லைப்பக்கமா வர்றது?"

"வயித்தைக் கிழிக்க வேணாம்னு டாக்டர் இப்படி அனுப்பினாருங்க. கொஞ்சம் இடம் குடுங்க."

வந்ததும் பொசுக்கென்று விரிந்து, வீக்கத்துக்கு மேலேயும் கீழேயும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ரத்தம் அதற்குள் புகுந்து ஓடியது. தொந்திச் சுவரை இடிக்க இப்போது யாருமில்லை. எத்தனையோ வருஷம் கழித்துக் குழாய் நிம்மதியாகச் சாய்ந்தது.

"இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்றது சிறுநீரகம்.

"எனக்கென்ன கேடு? பாவம், இந்தப் பயதான் ஒண்ட இடமில்லாம வந்தான். போனாப் போகுதுன்னு உள்ள வெச்சிருக்கேன்."

மோதுகிற ரத்தத்தையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டே ஸ்டென்ட் சொன்னது: "பெரிய மனசுங்க உங்களுக்கு."