பெருஞ்சீரகம் போல ஒன்று

அவன் ஒரு குருத்தை முறித்து மூக்கருகே பிடித்தான்.

ஒன்றுமில்லை.

இன்னொன்றை முறித்துக் கசக்கினான். விரல்களில் பச்சை நீர் ஒட்டியது. அதிலும் ஒன்றுமில்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரம் கீழே கடலோரமாகக் கிடந்தது. மலைச்சரிவு முழுக்கப் பங்குனி வெயில்.

நாளை சூசையப்பர் திருநாள். அவன் சமைக்கும் உணவகத்தில் வருகிறவர்களெல்லாம் மத்தி மீனும் காட்டுப் பெருஞ்சீரகக் கீரையும் போட்ட பாஸ்தாதான் கேட்பார்கள். கீரை பறிக்க முதலாளி ஆண்டுதோறும் அவனைத்தான் அனுப்புவார். வேறு யாரையும் நம்பமாட்டார்.

ஏனென்றால் இதே சரிவில் இன்னொரு செடியும் முளைக்கும். பெருஞ்சீரகத்துக்கு உறவுக்காரச் செடி. வளர்ந்தால் ஆளை மறைக்கும். குருத்தில் இரண்டும் ஒரே மாதிரி, பஞ்சு பஞ்சாய். அதைத் தின்ற ஆடுகள் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து செத்துப்போகும்.

கசக்கினால் பெருஞ்சீரகம் மணக்கும். மற்றது மணக்காது.

அவனுக்குத் தை மாதம் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மணமும் போய்விட்டது.

முதலாளிக்குச் சொல்லவில்லை. மணம் தெரியாத சமையற்காரனை யார் வைத்திருப்பார்கள்? கைப்பழக்கத்தில் சமைத்தான். இதுவரை ஒரு தட்டும் திரும்பி வரவில்லை.

வீட்டிலும் சொல்லவில்லை.

மனைவி வதனி கீழேயிருந்து ஏறி வந்தாள். அவள் வீடுகள் துப்புரவாக்கும் வேலைக்குப் போகிறவள். இன்று லீவு என்று கூடவே வந்திருந்தாள். அவன் கையிலிருந்த குருத்தை நீட்டினான்.

"நல்லா மணக்குது, என்ன?"

அவள் முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள்.

"ஒண்டும் மணக்கேல்லையேப்பா."

அவன் கடலைப் பார்த்தான்.

அவள் அவனுடைய பையைத் திறந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். பாதியைத் தூர எறிந்தாள்.

"எப்பயிருந்து?"

"காய்ச்சலுக்குப் பிறகு."

"நேற்று வாசல்ல நிண்டுகொண்டு, நான் வைச்ச கறி றோட்டு வரைக்கும் மணக்குதெண்டு சொன்னீங்களே?"

"மணந்திருக்கும்தானே."

அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. சால்வையைப் புல்லில் விரித்துப் பையை அதன்மேல் கவிழ்த்தாள். சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குருத்தாகக் கசக்கி முகர்ந்து பார்க்கத் தொடங்கினாள்.

அவன் எதிரே அமர்ந்து வெறும் பையை விரித்துப் பிடித்தான். அவள் நீட்டியதை வாங்கிப் போட்டான். நீட்டாததைக் கேட்கவில்லை.

ஆட்டு மணிச்சத்தம் சரிவுக்கு அப்பால் போய்க்கொண்டிருந்தது.

பை முக்கால்வாசி நிறைந்தபோது அவள் நிமிராமலே கேட்டாள்:

"நீங்கள் சமைக்கிற குசினியில கோப்பை கழுவ ஆள் தேடுகினம் எண்டனீங்கள். ஆரும் வந்திட்டினமோ?"